பழைய தேதியில் பில் எழுதாதீர்கள்

கேள்வி: கொருக்குப்பேட்டையில் வசிக்கிறேன். கலைக்கப்பட்ட சமஸ்தான போலீஸ் பேட்ஜ்களை 20 வருடமாகச் சேர்க்கிறேன். 2 வருடம் முன்பு வியாசர்பாடி காயலான் கடையில் புதுக்கோட்டை சமஸ்தான போலீஸ் பெல்ட் தகடு உட்பட 6 உருப்படி வாங்கினேன், பில் இல்லை. அவை தங்கள் தாத்தாவுடையவை, வீட்டில் திருட்டுப் போனவை என்று ஒரு குடும்பம் புகார் கொடுக்க, விசாரணைக்கு ஆஜராகச் சொல்லி பி.என்.எஸ்.எஸ். (குற்ற நடைமுறைச் சட்டம்) 35(3) நோட்டீஸ் வந்திருக்கிறது. ஸ்டேஷனில் என்னைத் திருடன் மாதிரி ஒருமையில் பேசினார்கள். அந்தப் போலீஸே இன்று இல்லையே, யாருக்கு உரிமை?

பதில்: ஸ்டேஷனில் பட்ட அவமானமும் 20 வருட ஆர்வமும் இந்த வழக்கில் கணக்குக்கு வராது. புதுக்கோட்டை 1948-ல் இணைந்ததும் வராது. படையைக் கலைத்தாலும் தகடு அநாதைப் பொருள் ஆகிவிடாது. அந்த வீட்டிலிருந்து திருடியதென்றால் திருட்டுப் பொருள்தான். கேள்வி ஒன்றுதான்: வாங்கிய அன்றோ, பிறகு வைத்திருந்தபோதோ அது திருட்டுப் பொருள் என்று உங்களுக்குத் தெரியுமா, அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்ததா? திருட்டுப் பொருளை வாங்குவது, வைத்திருப்பது பற்றிய பி.என்.எஸ். (குற்றவியல் சட்டம்) 317(2) இதில்தான் நிற்கிறது. 3 ஆண்டு வரை சிறை, ஜாமீனில் வர முடியாத பிரிவு. ஆனால் நோட்டீஸுக்கு ஒழுங்காக ஆஜராகும்வரை, காரணத்தை எழுதிவைக்காமல் கைது செய்யக் கூடாது. தேதியைத் தவறவிடாதீர்கள்.

பில் இல்லாதது குற்றம் அல்ல. ஜிபேயில் பணம் போட்டிருந்தால் வங்கி ஸ்டேட்மென்ட் போதும். கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப்பும் உதவும். அடிமாட்டு விலைக்கு வாங்கியிருந்தால் மட்டும் அது உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

ஆட்கள் சிக்குவது இதற்கு அடுத்த இடத்தில். பயத்தில் கடைக்காரரிடம் ஓடி, பழைய தேதி போட்டு பில் எழுதி வாங்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பில் புத்தகத்தில் அதற்கு முந்தைய எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் என்ன தேதி என்று பார்ப்பார்கள். பத்திரத்தாள் என்றால், அந்தத் தாளை விற்றவர் பின்பக்கம் போட்ட எண்ணும் தேதியும் அவருடைய பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டும். கடைக்காரரை இரண்டு மணி நேரம் உட்காரவைத்தால், “இவர்தான் எழுதச் சொன்னார்” என்று சொல்லிவிடுவார். தெரிந்தே வாங்கினீர்கள் என்பதற்கு அதுவரை இல்லாத ஆதாரத்தை நீங்களே எழுதிக் கொடுத்தது போலாகும். போலி ஆவணப் பிரிவுகளும் மேலே ஏறும். நண்பர் வீட்டுக்குப் பொருளை மாற்றினாலும் இதே கதிதான்.

பொருளை ஒப்படைக்கும்போது கைப்பற்றுதல் மகஜரின் (போலீஸ் எதை எடுத்தார்கள் என்று எழுதும் பதிவு) நகலைக் கேட்டு வாங்குங்கள். “பித்தளை பேட்ஜ் 6” என்று மட்டும் எழுத விடாதீர்கள். ஒவ்வொன்றிலும் உள்ள எழுத்து, எண், அளவு, பின்பக்கக் கொக்கி, கீறல் எல்லாம் பதிவாகட்டும். இல்லையென்றால் கோர்ட்டிலிருந்து திரும்பி வருவது வேறு 6 பித்தளைத் துண்டாக இருக்கலாம்.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: திருட்டு உறுதியானால் பொருள் உங்களுக்கு நிற்காது. 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் 27-ம் பிரிவின்படி, விற்றவனுக்கு இல்லாத உரிமை வாங்கியவனுக்கு வராது. நீங்கள் நிரபராதி என்றாலும் தகடு அந்தக் குடும்பத்துக்குத்தான் போகும். அதனால் சமாதானமாகப் போங்கள். பொருளின் உரிமையாளர் சம்மதித்தால் முடித்துக்கொள்ளக்கூடிய குற்றம் இது. எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருந்தால் கோர்ட் வழியாக முடியுங்கள். கொடுத்த பணத்தைக் கடைக்காரரிடம் தனியாகக் கேளுங்கள். இரண்டையும் ஒரே பேச்சில் கலக்காதீர்கள். சமாதானக் கடிதத்தில் “திருட்டுப் பொருளை வாங்கிவிட்டேன்” என்ற வரிக்குக் கையெழுத்து போடாதீர்கள். “அவர்கள் உரிமை கோருவதால், தெரியாமல் வாங்கிய பொருளை நல்லெண்ணத்தில் ஒப்படைக்கிறேன்” என்று உங்கள் வக்கீலை எழுதச் சொல்லுங்கள்.