சிடி34 நெகட்டிவ் என்றால் காத்திருக்கலாமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் என் தம்பிக்குப் பல் ஈறில் ரத்தம் நிற்காமல் கசிகிறது, தொடையில் அடிபடாமலேயே நீலத் திட்டுகள். எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் சிடி33, மையலோபெராக்சிடேஸ் பாசிட்டிவ், சிடி34, எச்எல்ஏ-டிஆர் நெகட்டிவ் என வந்துள்ளது. பாதி நெகட்டிவ் என்பதால் நோய் லேசானதுதானே? தீபாவளி கழித்து வார்டில் சேர்க்கலாமா?”

வேண்டாம் ஐயா, இன்றே சேருங்கள். ரிப்போர்ட்டில் உள்ள சிடி33, சிடி34 போன்றவை அணுக்களில் உள்ள புரதங்கள்; அவை நோயின் கடுமையை அளப்பவை அல்ல. ரத்த அணு, வளர்ச்சியின் எந்தப் படியில் நிற்கிறது என்பதைக் காட்டுபவை. மஜ்ஜையில் மிக இளம் அணுவின் மேற்பரப்பில் சிடி34, எச்எல்ஏ-டிஆர் இரண்டும் இருக்கும். அது புரோமைலோசைட் என்னும் அடுத்த படிக்கு வரும்போது அவ்விரண்டும் மறைந்து, சிடி33 மட்டும் தொடர்ந்து நிற்கும். ஆகவே உங்கள் தம்பியின் ரிப்போர்ட், அணுக்கள் புரோமைலோசைட் படியிலேயே முடங்கி அங்கேயே பெருகும் வகை ரத்தப் புற்றுநோயைச் சந்தேகிக்க வைக்கிறது.

வேறு சில வகைகளிலும் இதே அமைப்பு வருவதுண்டு என்பதால், 15, 17ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி உருவாகும் பிஎம்எல்-ஆர்ஏஆர்ஏ மரபணுவைத் தேடும் பரிசோதனையே நோயை உறுதிசெய்யும். ஆனால் சிகிச்சையைத் தொடங்க அதன் முடிவு வரும்வரை மருத்துவர்கள் காத்திருப்பதில்லை. இவ்வணுக்கள் ரத்தம் உறையும் முறையையே குலைத்துவிடுகின்றன. தொடக்க நாள்களில் மூளையில் ஏற்படும் ரத்தக்கசிவே இந்நோயாளிகளின் உயிரைப் பெரிதும் பறிக்கிறது. தம்பியின் ஈறும் தொடையும் அந்த எச்சரிக்கையைத்தான் தருகின்றன.

சிகிச்சை நம்பிக்கை தருவது. வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவமான டிரெட்டினோயின், முடங்கிய அணுக்களை முதிரச் செய்கிறது. 1988இல் ஷாங்காய் மருத்துவர்கள் இதன் பலனை வெளியிட்டனர். இன்று ஆர்சனிக் டிரையாக்சைடும் சேர்த்துக் கொடுக்கும்போது, வெள்ளணு எண்ணிக்கை மிக உயராத நோயாளிகளில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர். (கடையில் விற்கும் வைட்டமின் ஏ மாத்திரை இதற்கு ஈடாகாது, வாங்கிக் கொடுக்காதீர்கள்.)

அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ரிப்போர்ட்டுடன் செல்லுங்கள். அங்கிருந்து ரத்தநோய் நிபுணரிடம் அனுப்புவார்கள். அதுவரை ஆஸ்பிரினோ மூட்டுவலி மாத்திரையோ வேண்டாம். திட்டுகளை எண்ணெய் தேய்த்து நீவிவிடவும் வேண்டாம். சிகிச்சை தொடங்கிய பின் மூச்சுத் திணறலோ காய்ச்சலோ திடீர் எடை ஏற்றமோ தோன்றினால், மருந்தின் விளைவாக அது இருக்கக்கூடும் என்பதால், நள்ளிரவானாலும் வார்டுத் தாதியிடம் உடனே சொல்லுங்கள்.