மறதி நோய் உள்ள அப்பாவை ஹோமில் சேர்ப்பது பாவமா?

அம்மா போனபின் தனியாக இருக்கும் அப்பாவுக்கு டிமென்ஷியா, வேலைக்கும் போய்க்கொண்டு பார்த்துக்கொள்ள முடியவில்லை, ஹோமில் சேர்த்தால் பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், முடிவு எடுத்துவிட்டீர்கள், சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் பாக்கி என்று தோன்றுகிறது. அப்படி இல்லையென்றால் மன்னியுங்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது.

என் அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். 2002இல் ஓய்வு பெற்றார். ஊட்டி ரயிலின் நீராவி எஞ்சினைக் கழற்றிப் பூட்டிய கை அது. அந்தக் கைக்குச் சட்டைப் பொத்தான் போட வரவில்லை என்பதுதான் நாங்கள் முதலில் கவனித்தது. டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னார். அப்பா வட்டம் போட்டு, பன்னிரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதிவிட்டு, "சரியா இருக்கா சார்?" என்றார். மொத்த ஞாபகப் பரிசோதனையில் முப்பதுக்குப் பதினான்கு மார்க்.

பொன்மலைப்பட்டியில் இருந்தவரை ஒர்க்‌ஷாப் சங்குதான் அவருக்குக் கடிகாரம். நோய் வந்தபின் சங்கு ஊதாத நேரத்திலும் அவருக்கு அது கேட்டது. விடிகாலை நாலு மணிக்குச் செருப்பு மாட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் கேட்டுக்குப் போய்விடுவார். இரண்டு தடவை வாட்ச்மேன் உட்காரவைத்து போன் செய்தார். மூன்றாவது தடவை அரியமங்கலம் பக்கம் பைபாஸ் ஓரத்தில் கிடைத்தார். அன்றைக்கே கோயம்புத்தூருக்கு என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன்.

பதினாறு மாதம் வைத்திருந்தேன். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், "பெத்தவனைக் கொஞ்ச நாள் வச்சுப் பார்க்கக்கூட முடியலையா" என்று இங்கேயும் யாராவது கேட்பார்கள். அத்தை கேட்டார். சரி, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினேன். பதினோராம் நாள் அத்தை மகனே காரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். காபிகூடக் குடிக்கவில்லை. தம்பி வெளிநாட்டில் இருக்கிறான், பணம் அனுப்புவான். அவனை நான் குறை சொல்லவில்லை. (கொஞ்சம் சொல்கிறேன்.)

சாயங்காலம் ஐந்தரை ஆனால் அப்பா வேறு ஆளாகிவிடுவார். "வீட்டுக்குப் போகணும், உங்க அம்மா தேடுவா" என்று கதவைத் தட்டுவார். பெரும்பாலும் இருட்டும் நேரத்தில்தான் இது அதிகமாகும் என்று டாக்டர் பிறகு சொன்னார். அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது குளியலறை. "பொம்பளப் புள்ள இங்க நிக்கக் கூடாதும்மா, வெளிய போ" என்று என் கையைத் தள்ளிவிடுவார். நான் யார் என்று தெரியாது, ஆனால் கூச்சம் மட்டும் அவருக்கு மறக்கவில்லை. ஒருநாள் தள்ளியதில் நான் விழுந்து மணிக்கட்டு பிசகியது. அன்று ராத்திரி அவர் மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதை இங்கே எழுத மாட்டேன். அதற்குப் பிறகுதான் ஹோம் தேடினேன்.

வாழ்நாள் முழுக்க ஷிஃப்ட் பார்த்த மனிதர் அவர். வீட்டில் மூன்று ஷிஃப்டுக்கும் நான் ஒருத்தி.

முதலில் சேர்த்த இடம் பளபளவென்று இருந்தது. மாதம் 45,000, டயப்பர், மருந்து தனி. ஒரு மாதம் ஆவதற்குள் அப்பா எப்போது போனாலும் தூக்கத்தில் இருந்தார். மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், எங்கள் டாக்டர் எழுதாத தூக்க மாத்திரை. கேட்டதற்கு, "அப்பா ரொம்ப அமைதியா இருக்காருங்க" என்று பதில். அன்றே கூட்டிவந்துவிட்டேன். இப்போது இருப்பது பழைய வீடு, பெயின்ட் உரிந்திருக்கும், பதினாலு பேர்தான். குளிப்பாட்டுவது ஆண் அட்டெண்டர். அவர் கையில் அப்பா பேசாமல் குளித்துக்கொள்கிறார். சாயங்காலம் "சங்கு ஊதியாச்சா?" என்று கேட்டால், "ஐயா, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, சந்தை" என்று சொல்ல அந்த அட்டெண்டருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சந்தை என்றதும் பையைத் தேட ஆரம்பித்துவிடுவார், வேலைக்குப் போவது மறந்துவிடும். பொய்தான். என்ன செய்வது? வீட்டில் நான் பதினாறு மாதம் உண்மையைச் சொல்லிச் சொல்லித்தான் அவரை அழவைத்தேன்.

அதனால் இடம் பார்க்கப் போகும்போது காலை பதினொரு மணிக்குப் போகாதீர்கள், சாயங்காலம் ஆறு மணிக்குப் போங்கள். ராத்திரி எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்று கேளுங்கள். எல்லா ஹோமும் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. வீட்டிலேயே வைத்துப் பார்க்க முடிகிறவர்களை மட்டமாகவும் சொல்லவில்லை, அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். "போலீஸ் பிடிக்கும்" என்று உங்கள் சித்தப்பா யாராவது பயமுறுத்தினால், பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007 சட்டம் தண்டிப்பது பெற்றவர்களைக் கைவிடுகிறவர்களை. பணம் கட்டி, போய்ப் பார்த்து, மருந்துச் சீட்டைப் படிக்கிறவர்களை அல்ல.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. நவம்பரில் பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று. ஃபிட்டர் கை, ரேகை தேய்ந்துவிட்டது, மெஷின் ஏற்கவில்லை. வங்கியில் "இன்னொரு நாள் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். கூட்டிப்போனேன், மறுபடியும் ஏற்கவில்லை. கூட்டத்தில் மிரண்டு அங்கேயே சிறுநீர் போய்விட்டார். எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இரண்டு மாதம் பென்ஷன் நின்றது. செல்போனில் முகத்தைக் காட்டியே ஜீவன் பிரமான் என்கிற டிஜிட்டல் உயிர்வாழ் சான்று கொடுக்கலாம், 2021லேயே அது வந்துவிட்டது என்பதை அந்த வங்கியில் யாரும் சொல்லவில்லை. ஹோமில் இன்னொருவருடைய மருமகள்தான் சொன்னார். வங்கி ஊழியர்கள் சண்டைக்கு வர வேண்டாம், உங்களில் நல்லவர்களும் இருப்பார்கள்.

அதோடு, உங்கள் அப்பா இன்னும் புரிந்து கையெழுத்துப் போடும் நிலையில் இருந்தால், இந்த வாரமே கணக்கில் உங்கள் பெயரையும் சேர்த்துவிடுங்கள். அப்பா சார்பில் கையெழுத்துப் போட எங்களிடம் பவர் பத்திரம் இருக்கிறதே என்று நாங்கள் தைரியமாக இருந்தோம். கொடுத்தவருக்குச் சுயபுத்தி போய்விட்டால் அந்தப் பவரும் செல்லாது என்று வக்கீல் சொன்னபோது, காலம் கடந்துவிட்டது. பொன்மலைப்பட்டி வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது.