பூட்டு வேண்டாம்

கேள்வி: எங்கள் பொதுப்பூங்காவில் ஒரு பகுதியைத் துண்டுகளாகப் பிரித்து, காய்கறி பயிரிட விரும்பும் குடும்பங்களுக்கு வாடகைக்குத் தரப்போகிறார்களாம். பிள்ளைகள் பந்து விளையாடும் புல்தரை அது. எதிர்ப்பது சுயநலமா?

பதில்: இல்லை. ஒன்பது ஆண்டுகள் அப்படியொரு துண்டு நிலத்தில் பீன்ஸும் தக்காளியும் வளர்த்தவள் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

தக்காளிக்கு நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். மர நிழல் விழாத சமதரை வேண்டும். பந்தாட்டத்துக்கும் அதே சமதரைதான். அதனால்தான் திட்டம் போடுகிறவர்களின் கண் எப்போதும் பிள்ளைகளின் திடலில் போய் விழுகிறது. பிரிட்டனில் வழக்கமான ஒரு துண்டு சுமார் 250 சதுர மீட்டர். அந்தக் கணக்கில் 28 குடும்பங்களுக்குக் கொடுத்தால் ஒரு முழுக் கால்பந்துத் திடலே போய்விடும். என்னுடையது 25 சதுர மீட்டர். வேலைக்குப் போய்க்கொண்டே பராமரிக்க அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆகவே நடுத்திடலைத் தொடாமல், வெயில் படும் ஓரங்களில் சிறு துண்டுகளாகக் கேளுங்கள். சாலையோர மண்ணில் ஈயம் தங்கியிருக்கலாம். பரிசோதிக்காமல் கீரை விதைக்கக் கூடாது.

அதைவிட எனக்கு முக்கியம் பூட்டு. ஒரு மாலை, பந்து ஒன்று என் பீன்ஸ் பந்தலில் வந்து சிக்கியது. எட்டு வயதிருக்கும் அந்தப் பையன் கம்பி வேலியைப் பிடித்தபடி, உள்ளே வரலாமா என்று கேட்டான். பொது நிலத்தில் ஒரு பிள்ளை என்னிடம் அனுமதி கேட்டு நின்றது இன்றும் என்னை உறுத்துகிறது. மறுவாரமே வெளிக்கதவின் பூட்டை எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டேன். எடுத்த பிறகு சில தக்காளிகள் காணாமல் போயின. போகட்டும்; மாலை நடைக்கு வந்தவர்கள் பாத்திகளுக்கு இடையே நின்று பேசத் தொடங்கினார்கள்.

கால வரம்பையும் எழுத்தில் வாங்குங்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் லண்டன் ஹைட் பார்க்கில் காய்கறி பயிரிட்டார்கள். இன்று அது மீண்டும் பூங்கா. பாஸ்டனின் ஃபென்வே பகுதிப் பூங்காவில் 1942-இல் போட்ட தோட்டங்களோ இன்னும் இருக்கின்றன. இரண்டுமே நல்ல முடிவாக இருக்கலாம், ஊரைக் கேட்டு எடுத்திருந்தால். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் உரிமம், ஒரு பருவம் தரிசாய்க் கிடந்தால் அடுத்தவருக்கு, நடைபாதை எல்லோருக்கும். இவற்றுக்குத் திட்டம் போடுகிறவர்கள் சம்மதித்தால் நீங்களும் ஒரு துண்டுக்குப் பெயர் கொடுங்கள். மறுத்தால், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போய் எதிர்த்துப் பேசுங்கள்.