முளைக்கீரை ஏன் குன்றி நிற்கிறது?

கேள்வி: தை மாதம் விதைத்த முளைக்கீரை ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வந்தது. அதே விதையைப் பங்குனிக் கடைசியில் அதே பாத்தியில் தூவினேன். ஆறு வாரமாகியும் விரல் உயரமே இருக்கிறது. எரு போதவில்லையா?
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா

பதில்: எருவைக் கூட்டாதீர்கள், அம்மா. குளிர்ந்த மண்ணில் வேர் சத்தை மெல்லத்தான் உறிஞ்சும் என்பதால், இப்போது போடும் எரு செடிக்குப் பயன்படாது. நம் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் டிசம்பரில் சுமார் 14 மணி நேரம் நீளும் பகல், மார்ச் 20 வாக்கில் இரவுக்குச் சமமாகி, ஜூன் 21 அளவில் 10 மணி நேரத்தை ஒட்டிக் குறைந்துவிடுகிறது. முளைக்கீரையோ வெயிலையும் வெப்பத்தையும் நம்பி வளரும் பயிர். செடியின் நுனியை விரலால் விலக்கிப் பாருங்கள். சிறு பூங்கதிர் தென்பட்டால், பகல் குறுகியதை உணர்ந்து, இலை விடுவதை நிறுத்திப் பூக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஆனாலும் வெளிச்சக் குறைவைவிட இரவுக் குளிரே உங்கள் பாத்தியைப் பெரிதும் பாதித்திருக்கும் என்பது என் கருத்து. உங்கள் ஊர் குன்றுகளுக்கு நடுவே பள்ளத்தில் இருப்பதால், இரவில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கி அங்கேயே தங்கிவிடுகிறது. பகல் பொழுது ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தும், கடலை ஒட்டிய டர்பனில் கீரை இன்னும் சில வாரம் தாக்குப்பிடிப்பது இதனால்தான். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற முன்னோர் சொல் தமிழ்நாட்டுக்குப் பொருந்தும்; இங்கே ஆடி உறைபனிக் காலம்.

அடுத்த ஆண்டு கடைசிக் கீரை விதைப்பை மாசிக்குள் முடித்துவிடுங்கள். குளிர்காலத்தில் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து செல்வதால், வடபுறம் மறைப்பில்லாத இடமாகப் பாத்தியைத் தேர்ந்தெடுங்கள். மாலையில் தண்ணீர் விட்டால் இலை இரவெல்லாம் ஈரமாக இருந்து பூஞ்சை பிடிக்கும். காலையில் விடுவதே நல்லது.

இப்போது நிற்கும் கீரையைப் பிடுங்கிச் சமைத்துவிட்டு, அந்த இடத்தில் கொத்தமல்லி விதையுங்கள். கோடையில் நீண்ட பகலும் வெப்பமும் சேர்ந்து சீக்கிரமே பூக்கவைக்கும் அந்தச் செடி, இந்தக் குளிரில் வாரக்கணக்கில் இலை தரும். விதையை முழுதாகப் போடாமல், பலகையில் வைத்து லேசாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு ஊறவைத்துத் தூவுங்கள்.