பாட்டு நிற்காது, படம் மாறும்: இன்டராக்டிவ் மியூசிக் வீடியோ கேள்வி பதில்

பார்ப்பவர் கை வைத்தால் மாறுகிற பாடல் வீடியோக்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எடிட்டிங், பிரவுசர் கோடிங் இரண்டிலும் வேலை பார்ப்பவள் என்பதால் செய்முறைக் கேள்விகளுக்கான பதில்கள் கொஞ்சம் நீளும்.

கேள்வி: அக்கா, இதற்கும் வீடியோ கேமுக்கும் என்ன வித்தியாசம்? எதையாவது அழுத்திக்கொண்டே இருந்தால் பாட்டை எப்படி ரசிப்பது?

கேம் உங்களுக்காகக் காத்திருக்கும். பாட்டு காத்திருக்காது. இந்தக் கலையின் சிக்கல், அழகு இரண்டுமே அங்கேதான் இருக்கின்றன. பாப் டிலன் 1965-ல் பாடிய 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பாட்டுக்கு 2013-ல் வானியா ஹேமன் ஒரு வீடியோ இயக்கினார். திரையில் ஒரு டிவி, அதில் 16 சேனல்கள். செய்தி, சமையல், ஷாப்பிங் என்று எதற்கு மாற்றினாலும் அங்கே இருப்பவர் அந்த நொடியில் ஓடும் வரிக்குத்தான் வாயசைப்பார். செய்தி வாசிப்பவர் முகத்தில் செய்திக்கு உரிய இறுக்கம் அப்படியே இருக்கும், உதட்டில் டிலனின் வரி இருக்கும். நீங்கள் எத்தனை முறை மாற்றினாலும் பாட்டு ஒரு நொடிகூட அறுபடாது. ரசனை கெடாமல் இருக்க இதுதான் வழி: படத்தைப் பார்ப்பவரிடம் கொடுங்கள், காலத்தைப் பாட்டிடமே விட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் விஷுவல் கம்யூனிகேஷன் மாணவி. முதலில் எதைப் பார்க்கலாம், மேடம்?

ஆர்கேட் ஃபயர் இசைக்குழுவுக்காக கிறிஸ் மில்க் 2010-ல் இயக்கிய 'தி வில்டர்னஸ் டவுன்டவுன்' பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். ஆரம்பத்திலேயே நீங்கள் வளர்ந்த வீட்டு முகவரியைக் கேட்கும். பாட்டு தொடங்கியதும் பிரவுசரில் ஜன்னல் ஜன்னலாகத் திறக்கும். ஒன்றில் ஒரு பையன் ஓடுகிறான், இன்னொன்றில் பறவைகள், வேறொன்றில் கூகுள் ஸ்ட்ரீட் வியூவிலிருந்து எடுத்த உங்கள் சொந்தத் தெரு. கடைசியில் அந்தத் தெருவில் மரங்கள் முளைத்து எழும்பும். நடுவில், சிறுவயதில் இருந்த உங்களுக்கே ஒரு கடிதம் எழுதச் சொல்லும். பார்ப்பவர் செய்வது மிகக் குறைவு: ஒரு முகவரி, ஒரு கடிதம். ஆனால் அந்த இரண்டும் அவருடைய சொந்த வாழ்க்கையிலிருந்து வருகின்றன. பத்து பட்டன் வைப்பதைவிட இது பலமடங்கு வேலை செய்கிறது.

அதே ஆண்டு கிறிஸ் மில்க்கும் ஏரன் கோப்லினும் செய்த 'தி ஜானி கேஷ் புராஜெக்ட்' இன்னொரு வகை. உலகெங்கும் இருக்கும் ரசிகர்கள் வீடியோவிலிருந்து ஆளுக்கொரு ஃபிரேமை, அதாவது ஒரு தனிப் படத்தை எடுத்து அதன்மேல் வரைந்து அனுப்பினார்கள். அந்த ஓவியங்களைக் கோர்த்ததுதான் வீடியோ. 2003-ல் இறந்துபோன பாடகர் ஜானி கேஷுக்கு அவர் ரசிகர்கள் கையாலேயே செய்த அஞ்சலி என்று அதை நினைக்கிறேன்.

கேள்வி: இரண்டு வீடியோ வைத்து, கிளிக் செய்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்படி செய்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு கணம் திணறுகிறது, உதட்டசைவும் ஒட்டவில்லை. என்ன தப்பு?

கோப்பின் அமைப்பிலிருந்து தொடங்குவோம். வீடியோவில் எல்லா ஃபிரேமும் முழுப் படமாகச் சேமிக்கப்படுவதில்லை. கீஃபிரேம்கள் மட்டுமே முழுப் படம். மற்றவை பக்கத்து ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புதான். நீங்கள் நடுவில் எங்காவது குதித்தால் பிரவுசர் முந்தைய கீஃபிரேமுக்குப் போய் அங்கிருந்து கணக்குப் போட்டு வரவேண்டும். திணறல் அதனால்தான். எக்ஸ்போர்ட் செய்யும்போது நொடிக்கு ஒரு கீஃபிரேம் வையுங்கள். கோப்பு பெரிதாகும், ஆனால் தாவல் லேசாகும்.

அடுத்தது ஒலி. இரண்டு வீடியோவிலும் ஆடியோவை நீக்கிவிட்டுப் பாட்டைத் தனியாக ஓடவிடுங்கள். பாட்டுதான் கடிகாரம், படங்கள் அதைப் பார்த்துத் தங்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஒரு நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லி நொடி. சில ஃபிரேம் பிசகினாலே வாயசைப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

இதையெல்லாம் தாண்டி நான் அதிகம் நம்புகிற வழி வேறு. நான்கு காட்சிகளையும் 960க்கு 540 அளவில், இரண்டு மேலே இரண்டு கீழே என அடுக்கி, ஒரே 1920க்கு 1080 வீடியோவாக எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். பிரவுசரில் கேன்வாஸ் (கோட் மூலம் படம் வரையும் பரப்பு) வழியாக அதில் ஒரு கால்பகுதியை மட்டும் பெரிதாக்கிக் காட்டுங்கள். கிளிக் செய்ததும் வேறு கால்பகுதி. நான்கும் ஒரே கோப்பில் ஓடுவதால் ஒன்றுக்கொன்று பிசகவே முடியாது. படத்தின் கூர்மை கொஞ்சம் குறையும், அதை ஏற்றுக்கொள்ளலாம்.

அப்புறம், கிளிக் செய்த கணத்திலேயே மாற்றாதீர்கள். நிமிடத்துக்கு 120 பீட், நாலு பீட் தாளம் என்றால் ஒரு பார், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, 2 நொடி. அடுத்த பாரின் முதல் அடியில் மாற்றிப் பாருங்கள். பார்ப்பவருக்குத் தானே எடிட் செய்தது போல இருக்கும். கிளிக்கைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகத் திரையில் ஒரு சின்ன அசைவு மட்டும் உடனே காட்டிவிடுங்கள்.

கேள்வி: ஐந்து இடங்களில் இரண்டிரண்டு தெரிவு வைத்துக் கதை எழுதியிருக்கிறேன். 32 முடிவுகள் வருகின்றன. ஷூட் பண்ண முடியுமா சார்?

மேடம் என்று எழுதலாம் தம்பி. முடிவுகள் 32, ஆனால் கிளைகளை எல்லாம் கூட்டினால் 62 துண்டுகள் எடுக்க வேண்டும். பார்ப்பவர் ஒரு முறையில் காண்பது ஐந்து. இவ்வளவு உழைப்பு வேண்டாம்.

1967-ல் கனடாவின் மாண்ட்ரீலில் நடந்த உலகக் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கியா அரங்கில் ராடூஸ் சின்செரா 'கினோஆட்டோமாட்' என்ற படத்தைக் காட்டினார். 127 இருக்கைகள், ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை பட்டன்கள். படம் நின்றதும் நடிகர் மேடைக்கு வந்து அடுத்து என்ன நடக்கட்டும் என்று கேட்பார், அரங்கம் ஓட்டுப் போடும். எதைத் தேர்ந்தாலும் கதை அடுத்த தெரிவுக்குள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிடும். தெரிவுக்கு ஒன்றாக இரண்டு புரொஜெக்டர்கள் சேர்ந்தே ஓடும், ஓட்டில் தோற்றது மூடியிருக்கும். இந்த முறையில் உங்கள் 62 துண்டுகள் 10 ஆகிவிடும். பாட்டுக்கு இது இன்னும் பொருத்தம். சரணங்களில் பிரியுங்கள், பல்லவி வரும்போதெல்லாம் சேருங்கள்.

கேள்வி: கேமரா இல்லாமலே எடுத்த வீடியோ உண்டாமே?

உண்டு. ரேடியோஹெட் இசைக்குழுவின் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்', 2008. ஜேம்ஸ் ஃப்ராஸ்ட் இயக்க, ஏரன் கோப்லின் தொழில்நுட்பத்தைக் கவனித்தார். லேசர் ஸ்கேனர்கள் முகத்தையும் தெருக்களையும் புள்ளிகளாக அளந்தன. அந்தத் தரவுகளைப் பொதுவில் வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் சொந்த வீடியோ செய்யலாம் என்றார்கள். இப்போது சில ஐபோன்களிலேயே லைடார் என்ற லேசர் ஸ்கேனர் இருக்கிறது. கையில் இருந்தால் இன்றே ஆரம்பிக்கலாம்.

கேள்வி: ஏ.ஆர்.ரஹ்மானின் 'லே மஸ்க்' இந்த வகையா?

பக்கத்து வீடு. 2022 கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட விஆர் படம் அது, அதாவது தலையில் கருவி மாட்டிக்கொண்டு சுற்றிலும் பார்க்கிற படம். நாற்காலி அசையும், வாசனையும் வரும். எங்கே திரும்பிப் பார்ப்பது என்பது உங்கள் கையில், கதை உங்கள் கையில் இல்லை.

கேள்வி: போனில் திறந்தால் பாட்டே வரவில்லை.

தானாக ஒலி எழுப்புவதை பிரவுசர்கள் தடுக்கின்றன. முதலில் ஒரு 'தொடங்கு' பட்டன் வையுங்கள், அந்தத் தொடுகையிலேயே ஒலியை ஆரம்பியுங்கள்.

கேள்வி: செய்து முடித்ததை எப்படிப் பாதுகாப்பது?

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். பிரவுசரில் அனிமேஷனும் கேமும் ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருள் 2020 டிசம்பரோடு முடிந்தபோது அதில் செய்த எத்தனையோ படைப்புகள் ஒரே நாளில் இருட்டாகிவிட்டன. யூடியூபில் திரைமேல் கிளிக் செய்து கிளைக்கதைக்குப் போக உதவிய அனோட்டேஷன்கள் 2019 ஜனவரியில் நீக்கப்பட்டன, அவற்றை நம்பிய தொடர்களில் பாதை அறுந்தது. அதனால் ஒருவர் பயன்படுத்துவதைத் திரைப்பதிவாக எடுத்து வையுங்கள், முடிந்தால் அவர் கையும் தெரியும்படி. மூல வீடியோ, கோட், பாட்டுக் கோப்பு மூன்றையும் ஒரே ஃபோல்டரில், வெளித்தளம் எதையும் சாராமல் ஓடும்படி வையுங்கள்.

கேள்வி: பிடித்த பழைய சினிமாப் பாட்டை வைத்துச் செய்யலாமா?

வீட்டில் பழகிப் பார்க்கத் தடையில்லை. வெளியிட வேண்டுமென்றால் உரிமை வைத்திருப்பவரின் அனுமதி வேண்டும். அதைவிட, இசை செய்கிற நண்பரிடம் ஒரு பாட்டு கேளுங்கள், ஸ்டெம்களாக: குரல் தனி, டிரம்ஸ் தனி, பேஸ் தனி. அப்போது படத்தோடு பாட்டின் அடுக்குகளையும் பார்ப்பவரிடம் கொடுக்கலாம். ஒருவரைத் தொட்டால் அவர் குரல் மட்டும் மேலே வரும், கையை எடுத்தால் கூட்டத்தில் கலக்கும். முடிந்த ஒரே கோப்பாக இருக்கும் சினிமாப் பாட்டில் இதைச் செய்வது கடினம்.