மாணவர்களின் ஆங்கில நம்பிக்கை: எதைக் கேட்டால் அளவு கிடைக்கும்?

கல்வி ஆய்வு தொடர்பாக வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் குழுவின் பதில்கள்.

கேள்வி: முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பதில் எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பதே என் முதுகலை ஆய்வு. ‘ஆங்கிலத்தில் எனக்குத் தன்னம்பிக்கை உண்டு’, ‘என்னால் நன்றாகக் கற்க முடியும்’ என்பன போல 20 கூற்றுகள் எழுதி, 1 முதல் 5 வரை மதிப்பிடச் சொன்னேன். ஏறத்தாழ எல்லாரும் 4 என்றே குறித்திருக்கிறார்கள். மாணவர்கள் பொய் சொல்கிறார்களா?
— ஆய்வு மாணவி, கெலுகோர், பினாங்கு

பதில்: பொய் சொல்லவில்லை. உங்கள் கூற்றுகள் மிகப் பொதுவானவை. ‘நன்றாகக் கற்க முடியும்’ என்பதைப் படிக்கும் ஒருவர் நண்பர்களோடு பேசுவதை நினைத்துக்கொள்வார். இன்னொருவர் 1,500 சொல் கட்டுரையை நினைப்பார். இருவரும் 4 போட்டாலும் அந்த இரண்டும் ஒரே அளவு ஆகாது. அதோடு, ‘எனக்கு நம்பிக்கை இல்லை’ என்று விரிவுரையாளர் கைக்குப் போகும் தாளில் எழுத யாருக்கும் மனம் வராது.

நீங்கள் அளக்க விரும்புவது தன்திறன் நம்பிக்கை, அதாவது ஒரு செயலைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை. இந்தக் கருத்தை 1977-இல் முன்வைத்தவர் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா. இதற்கான அளவுகோலை எப்படி அமைப்பது என்று 2006-இல் அவரே வழிகாட்டியும் எழுதியிருக்கிறார். அதில் உங்களுக்குத் தேவையானவை மூன்று. கேள்வி ஒரு குறிப்பிட்ட செயலைப் பற்றியதாக இருக்க வேண்டும். ‘செய்வேன்’ என்பது எண்ணம், ‘செய்ய முடியும்’ என்பதே திறன் பற்றிய நம்பிக்கை. அதனால் ‘இப்போது உங்களால் செய்ய முடியும் என்பதில் எவ்வளவு உறுதி?’ என்றே கேட்க வேண்டும். மூன்றாவதுதான் பலர் விட்டுவிடுவது: ஒரே செயலைப் படிப்படியாகக் கடினமாக்கிக்கொண்டு போக வேண்டும்.

வகுப்பில் பேசுவதையே எடுத்துக்கொள்வோம். இப்படி ஏறலாம்:

– குழுவில் உள்ள மூன்று நண்பர்களிடம் பாடத் தலைப்பை ஆங்கிலத்தில் விளக்க
– எழுதி வைத்ததைப் பார்த்து 2 நிமிடம் வகுப்பின் முன் பேச
– குறிப்புச் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு 5 நிமிடம் பேச
– 10 நிமிடம் பேசி முடித்ததும், முன்பே தெரியாத கேள்விகளுக்கு உடனே பதில் சொல்ல
– அறிமுகமில்லாத விரிவுரையாளர் மறுத்துப் பேசும்போது உங்கள் கருத்துக்குக் காரணம் காட்ட

முதல் படியில் எல்லாரும் உயர்ந்த எண் போடுவார்கள், போடட்டும். நான்காவது, ஐந்தாவது படிகளில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு தெரியும். வெள்ளோட்டத்தில் ஒரு வினாவுக்குப் பெரும்பாலோர் உச்சத்தையே குறித்தால் அதைக் கடினமாக்குங்கள், இல்லையென்றால் நீக்குங்கள்.

பண்டூரா சொல்லும் அளவு 0 முதல் 100 வரை, பத்துப் பத்தாக, ஆக 11 இடங்கள். ஐந்து இடங்கள் மட்டும் கொடுத்தால் பலர் இரு கோடிகளையும் தவிர்ப்பார்கள், மிஞ்சுவது மூன்றுதான். கூகிள் ஃபார்மில் நேர்கோட்டு அளவு 10-க்கு மேல் போகாது. அங்கே 0 முதல் 10 வரை வைத்துக்கொள்ளுங்கள், பயன் அதேதான்.

தொடங்குமுன் ஒரு பயிற்சி வினா கொடுங்கள். 5 கிலோ அரிசிப் பையைத் தூக்க முடியுமா, 10 கிலோ, 25 கிலோ, 50 கிலோ என்று கேட்டால், எண் படிப்படியாக இறங்கலாம், இறங்குவது இயல்பு என்பது அவர்களுக்குப் புரிந்துவிடும். படிவத்தின் தலைப்பில் ‘தன்னம்பிக்கை’ என்ற சொல்லைப் போடாதீர்கள். ‘மொழிப் பணிகள் பற்றிய படிவம்’ போதும். ஆய்வின் நோக்கத்தை ஒப்புதல் தாளில் நேர்மையாக எழுதிவிடுங்கள்.

வினாக்களை நூலகத்தில் உட்கார்ந்து கற்பனை செய்வதைவிட, பாடத்திட்டத்தில் இருக்கும் பணிகளைப் பட்டியலிட்டு, மாணவர்கள் சிலரிடம் ‘இதில் எங்கே திணறுகிறீர்கள்?’ என்று கேட்டு எழுதுவது எவ்வளவோ மேல். கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஆறு வினா, மொத்தம் 24 இருந்தால் முதுகலை ஆய்வுக்கு நிறைவாக இருக்கும்.

கேள்வி: வெளிநாட்டில் தயாரித்த வினாநிரலை அப்படியே பயன்படுத்தலாமா? என் வகுப்பில் உள்ளூர் மாணவர்களும் உண்டு, சீனாவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்தவர்களும் உண்டு.
— தனியார் பல்கலைக்கழக விரிவுரையாளர், கோலாலம்பூர்

பதில்: அப்படியே வேண்டாம். அதிகம் புழங்கும் ஆங்கிலத் தன்திறன் வினாநிரல் ஒன்றில் 32 வினாக்கள் இருக்கின்றன. நான்கு திறன்களுக்கும் எட்டு எட்டாக, 1 முதல் 7 வரை மதிப்பிட வேண்டும். சீன, கொரிய மாணவர்களிடம் சோதித்துப் பார்த்த நல்ல கருவி அது. ஆனால் அந்த நாடுகளில் ஆங்கிலம் பெரும்பாலும் வகுப்பறையோடு நின்றுவிடும். கோலாலம்பூரில் கடையில், கிராப் வாடகைக் காரில், வங்கியில் எல்லாம் ஆங்கிலம் காதில் விழுகிறது. தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது போன்ற எளிய பணிகளை உள்ளூர் மாணவர்களிடம் கேட்டால் எல்லாரும் 7 போடுவார்கள். புதிதாக வந்த மாணவரிடம் அதே கேள்வி நன்றாகவே வேலை செய்யும்.

அதனால் இரண்டு குழுக்களின் சராசரியை உடனே ஒப்பிடாதீர்கள். வினாக்கள் இரு குழுவுக்கும் ஒரே பொருளில்தான் சென்று சேர்ந்தனவா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒப்பீட்டுக்கு ஆட்கள் போதவில்லை என்றால் இரண்டு குழுவையும் தனித்தனியே அறிக்கையிடுவதுதான் நேர்மை.

வினாநிரலை உருவாக்கியவரிடம் மின்னஞ்சலில் அனுமதி வாங்குங்கள். எந்த மொழியில் கொடுப்பது என்பதும் முக்கியம். ஆங்கிலத்திலேயே கொடுத்தால், யாருடைய நிலையை அறிய வேண்டுமோ அந்தப் பின்தங்கிய மாணவரே வினாவைத் தவறாகப் படிப்பார். மலாயிலோ மாண்டரினிலோ ஒருவர் மொழிபெயர்க்கட்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவரட்டும், இரண்டையும் ஒப்பிடுங்கள். பிறகு ஏழெட்டு மாணவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து, ஒவ்வொரு வினாவையும் படித்ததும் மனத்தில் என்ன தோன்றியது என்று சொல்லச் சொல்லுங்கள். புள்ளிவிவரத்தில் வெளிப்படாத குறைகள் இங்கே அரை மணி நேரத்தில் வெளிப்பட்டுவிடும். இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது.

கேள்வி: ஆங்கிலப் பயத்தை அளக்கும் கருவியில் குறைந்த மதிப்பெண் வந்தால் நம்பிக்கை அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாமா?
— வாசகர், செந்தூல்

பதில்: கூடாது. 1986-இல் ஹார்விட்ஸ் குழுவினர் வெளியிட்ட வகுப்பறை மொழிப் பதற்ற அளவுகோலில் 33 கூற்றுகள், 5 இடங்கள். மொத்தம் 33 முதல் 165 வரை வரும். அது உணர்ச்சியை அளக்கிறது. கை நடுங்கினாலும் ‘என்னால் பேச முடியும்’ என்று உறுதியாக இருப்பவர் உண்டு. பயமே இல்லாமல், முடியும் என்ற எண்ணமும் இல்லாமல் இருப்பவரும் உண்டு. இரண்டையும் தனித்தனியே அளந்து, தொடர்பைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் புலத்தில் 1,000 மாணவர்கள். அட்டவணைப்படி 278 பேர் போதும் என்கிறார்கள். நம்பகத்தன்மை எண் 0.97 வந்திருக்கிறது. மகிழ்ச்சி அடையலாமா?
— ஆய்வு மாணவர், ஜோர்ஜ்டவுன்

பதில்: நீங்கள் சொல்வது 1970-இல் கிரெஜ்சியும் மோர்கனும் வெளியிட்ட அட்டவணை. 1,000 பேருக்கு 278 என்பது சரி. ஆனால் அது ஒரு முழுக் குழுவில் எத்தனை விழுக்காட்டினர் என்ற விகிதத்தை மதிப்பிடுவதற்கான கணக்கு. அதுவும் மாணவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தால்தான் பொருந்தும். வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டுவிட்டு, பதில் அனுப்பியவர்கள் 278 ஆனதும் நிறுத்தினால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. காரணிப் பகுப்பாய்வு (எந்தெந்த வினாக்கள் ஒன்றுசேர்ந்து ஒரே பண்பை அளக்கின்றன என்று பார்க்கும் கணக்கு) செய்வதாக இருந்தால் எண்ணிக்கையே வேறு: வினாவுக்கு 5 முதல் 10 பேர் என்பது பழைய கைவிதி, 300 பேரை நோக்கிப் போவது பாதுகாப்பு. வினாக்கள் சேரும் அந்த அமைப்பைக் கண்டறிந்த அதே ஆட்களை வைத்து அதை உறுதிப்படுத்தவும் செய்யாதீர்கள். இன்னொரு தொகுதி தேவை.

0.97 எங்களுக்குக் கவலை தருகிறது. குரோன்பாக் ஆல்ஃபா எனப்படும் இந்த நம்பகத்தன்மை எண், வினாக்களின் எண்ணிக்கை கூடினாலே ஏறும்; ஒரே வினாவைச் சொல் மாற்றித் திரும்பக் கேட்டாலும் ஏறும். எல்லா வினாவும் ஒரே பண்பைத்தான் அளக்கின்றன என்பதற்கு அது சான்றாகாது. ஒவ்வொரு திறனுக்கும் தனித்தனியே கணக்கிட்டு, வினாக்களுக்கிடையிலான ஒட்டுறவைப் பார்த்து, இரட்டைப் பிறவிகள் போல இருப்பவற்றில் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: 14 வார ஆங்கிலப் பயிற்சிக்குப் பின் மாணவர்களின் நம்பிக்கை மதிப்பெண் குறைந்துவிட்டது. பேச்சோ தெளிவாக முன்னேறியிருக்கிறது. பயிற்சி தோல்வியா?
— மொழிப் பயிற்றுநர், கோலாலம்பூர்

பதில்: பேச்சு முன்னேறியிருக்கும்போது தோல்வி என்று சொல்ல முடியாது. எடுத்துக்காட்டாக, முதல் வாரத்தில் ‘கல்விசார் உரை’ என்றால் என்னவென்று தெரியாமல் 10-க்கு 8 போட்டிருப்பார்கள். பதினான்காம் வாரத்தில் அதன் கடினம் தெரிந்து 6 போட்டிருப்பார்கள். அளவுகோலே அவர்கள் மனத்தில் நகர்ந்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்க, இறுதியில் இன்னொரு கேள்வி சேருங்கள்: ‘இப்போது தெரிந்ததை வைத்துப் பார்த்தால், முதல் வாரத்தில் உங்கள் நிலைக்கு எத்தனை கொடுப்பீர்கள்?’ அந்த எண் 3, 4 என்று வந்தால் காரணம் விளங்கிவிடும். பயிற்றுநருக்கு மரியாதைக்காகத் தன் பழைய நிலையைக் குறைத்துச் சொல்பவர்களும் இருப்பார்கள் என்பதால், இதை முன்–பின் அளவோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

இன்னும் உறுதியான வழி, நம்பிக்கையை அதே செயலோடு ஒப்பிடுவது. உரைக்குச் சற்று முன் ‘இந்த 5 நிமிட உரையில் 10-க்கு எத்தனை எடுக்க முடியும்?’ என்று கேளுங்கள். அந்தப் பதிலைப் பார்க்காத இருவர் மதிப்பெண் போடட்டும். சொன்ன எண்ணிலிருந்து எடுத்த எண்ணைக் கழித்தால், மிகை நம்பிக்கையும் குறை நம்பிக்கையும் ஆளுக்கு ஆள் தெரியும். திறமை இருந்தும் நான்கு புள்ளி குறைத்துச் சொல்லும் மாணவியை வகுப்புச் சராசரி மறைத்துவிடும்; அவருக்குத்தான் உங்கள் கவனம் உடனே தேவை.

மூவெட் எனப்படும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வின் நிலையை ஒப்பீட்டுக்கு வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். துணைத் தகவலாக வைக்கலாம். பல்கலைக்கழகத்தில் சேருமுன் எழுதிய தேர்வு, ஒன்றிரண்டு ஆண்டு பழையதாக இருக்கும். நிலைகளும் அகலமானவை. 2021-இல் தேர்வு சிஇஎஃப்ஆர் என்ற ஐரோப்பிய மொழித்திறன் அளவோடு இணைக்கப்பட்டு 5+ உச்சமானது. அதற்கு முன் எழுதியவரையும் பின் எழுதியவரையும் ஒரே நெடுவரிசையில் கலக்காதீர்கள்.

கேள்வி: பயிற்சிக்கு முன்னும் பின்னும் வாங்கும் படிவங்களை இணைக்க மெட்ரிக் எண் (மாணவர் பதிவு எண்) கேட்கலாமா?
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கேட்டால் மாணவர்கள் எண்ணை உயர்த்திப் போடுவார்கள். மதிப்பெண் போடும் விரிவுரையாளரே படிவம் வாங்கினாலும் இதேதான் நடக்கும்; வேறொருவரை அனுப்புங்கள். இணைக்க ஒரு குறியீடு போதும்: தாயார் பெயரின் முதல் இரண்டு எழுத்து, பிறந்த தேதியின் நாள், கைப்பேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம். இரண்டு முறையும் அவர்களால் பிழையின்றி எழுத முடியும். அப்படியும் சில படிவங்கள் இணையாமல் போகும். அதனால் தேவையான எண்ணிக்கையைவிடப் பத்தில் இரண்டு பங்கு கூடுதலாகச் சேகரியுங்கள். தரவு சேகரிக்கத் தொடங்குமுன் உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக்குழு அனுமதி கையில் இருக்க வேண்டும், அந்த விண்ணப்பத்தில் இந்தக் குறியீட்டு முறையையும் எழுதிவிடுங்கள்.