புதுச்சேரியை உருவாக்கியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்தானே? ஒரே நாளில் எதையெல்லாம் பார்க்கலாம்?

இப்படி ஒருவர் கேட்டிருந்தார். அந்த "தானே"வுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

காலையில் வந்து இறங்கி, மஞ்சள் சுவர் முன்னால் நாலு போட்டோ எடுத்து, கடற்கரையில் காபி குடித்துவிட்டு ராத்திரி பஸ் ஏறுகிற திட்டமாக இருக்கும். தப்பில்லை. ஆனால் 1674இல் பிரெஞ்சுக் கம்பெனியின் பிரான்சுவா மர்த்தேன் இங்கே பொறுப்பேற்றபோது இது ஆளில்லாத மணல்மேடு இல்லை. பக்கத்து அரிக்கமேட்டில் ரோமாபுரியோடு வியாபாரம் நடந்து ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எல்லோரும் வியக்கிற அந்த நேர்நேரான வீதிகள் இருக்கின்றனவே, அந்த வரைபடத்தைப் போட்டது டச்சுக்காரன். 1693இல் ஊரைப் பிடித்து, 1699 வரை வைத்திருந்தான். திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் அதன்மேல் கட்டினார்கள். அவர்கள் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் 1761இல் ஆங்கிலேயர்கள் இடித்துத் தள்ளினார்கள். அதனால் அந்த வெள்ளையர் பகுதியில் நீங்கள் போட்டோ எடுக்கப்போகிற கட்டிடம் எதுவும் அதற்கு முன்னால் பிரெஞ்சு கவர்னராக இருந்த துய்ப்ளே கண்ணால் பார்த்தது இல்லை.

உடனே யாராவது "பிரெஞ்சு எதிர்ப்பாளன்" என்று கமெண்ட் போடுவீர்கள். எங்கள் பெரிய தாத்தாவே சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். பிரெஞ்சு பென்ஷன் சோறு நானும் தின்றிருக்கிறேன். பிரச்சினை அது இல்லை.

எங்கள் வீடு பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருந்தது. வீதியைப் பார்த்துத் தாழ்வாரம், திண்ணை, உள்ளே முற்றம், முற்றத்தைச் சுற்றி எட்டுத் தேக்குத் தூண். அதில் ஒரு தூணில்தான் எங்கள் ஆயா (பாட்டி) மத்தியானம் சாய்ந்து உட்காரும். தலை படுகிற உயரத்தில் எண்ணெய் ஏறி, உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாகப் பளபளக்கும். ஆயா போனபிறகு ஆறு பங்காளிகள் சேர்ந்து விற்கலாம் என்று முடிவெடுத்தோம். எடுத்தோம் என்றுதான் சொல்கிறேன். நானும் கையெழுத்துப் போட்டவன்தான். மழைக்கு ஒழுகுகிற கூரையைப் பிரித்து வேய யாரிடம் காசு இருந்தது? இடிக்கும்போது போய் நின்றேன். பிஸ்கட் கனத்துக்குச் சின்னச் சின்னச் செங்கல், இடுக்கெல்லாம் சுண்ணாம்பு. கடப்பாரை இறங்கவில்லை, மேஸ்திரி திட்டிக்கொண்டே இருந்தார். தூண்கள் மட்டும் முந்தின நாளே லாரி ஏறிவிட்டன.

நடுவில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெளியூரில் "சொந்த ஊர் பாண்டி" என்றால் எவனும் பாரதி பத்து வருஷம் இருந்த ஊரா என்று கேட்பதில்லை. "வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்கிறான். சம்பந்தியே கேட்டார்.

சரி, உங்கள் ஒரு நாள். காலையில் முதலில் ரங்கப்பிள்ளை வீதிக்குப் போங்கள், கடற்கரைக்கு இல்லை. துய்ப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு அங்கே இருக்கிறது, 1730களில் கட்டியது. 1736இலிருந்து கிட்டத்தட்டச் சாகும்வரை நாட்குறிப்பு எழுதியவர். 1761இல் ஊர் விழ நாலைந்து நாள் இருக்கும்போது இறந்துபோனார். 1748இல் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்ததைப் படிக்க வேண்டுமென்றால் அவரிடம்தான் போக வேண்டும். அப்படியே நடந்தால் சம்பா கோயில் என்கிற மாதா கோயில். இப்போது இருக்கிற கட்டிடம் 1791. வெயில் ஏறினால் பாரதி பூங்காவில், ஆயி மண்டபத்துக்குப் பக்கத்தில் உட்காருங்கள். பழைய கோட்டை அந்தப் பக்கம்தான் இருந்தது. சாயங்காலம் கடற்கரை, 1836இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம். போதும்.

சாப்பாட்டுக்கு எங்கே என்று கேட்காதீர்கள். போன வருஷம் வெளியூர் உறவுக்காரர்களை வெள்ளையர் பகுதியில் ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப்போனேன். "பிரெஞ்சுக் கால வீடு" என்று எழுதி மாட்டியிருந்தார்கள். உள்ளே முற்றம், சுற்றித் தேக்குத் தூண்கள். எங்கள் வீட்டுத் தூண்தான் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆர்டர் எடுக்கிற பையன் பார்க்க, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். எல்லாவற்றையும் இழைத்துப் புதிதாக பாலிஷ் போட்டிருந்தார்கள்.